மாரியில் பசுவின் காலில் பொருக்கு: கழிவு ஒயில் பூசலாமா?

கேள்வி: கிரான் பக்கம் மூன்று கறவைப் பசுக்கள் வளர்க்கிறேன் ஐயா. மழை தொடங்கியதிலிருந்து கொட்டிலடி முழுக்கச் சேறு. ஒரு பசுவுக்குப் பின்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே தோல் சிவந்து, மயிர் ஒட்டி, பொருக்குப் பிடித்திருக்கிறது. தொட்டால் உதைக்கிறது. பக்கத்து வளவு அண்ணன் கழிவு ஒயில் பூசச் சொல்கிறார். பூசலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கழிவு ஒயில் ஈரத்தையும் கிருமியையும் உள்ளே வைத்து மூடிவிடும். புண்ணான தோலை எரிக்கவும் செய்யும். மாடு காலை நக்கினால் அந்த நஞ்சு வயிற்றுக்கும் போகும்.

முதல் வேலையாகப் பசுவின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலோ முரசிலோ கொப்புளம், வாயில் எச்சில் வடிதல், குளம்பு இடுக்கில் புண், காய்ச்சல், நொண்டல் இருந்தால் அது கால்-வாய் நோயாக (கோமாரி) இருக்கலாம். உடனே கால்நடை வைத்திய அதிகாரிக்குச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை மாடுகளை மேய்ச்சலுக்குக்கூட வெளியே விட வேண்டாம்.

வாய் சுத்தமாக இருக்கிறதா? சரி, இப்போது தானாகக் கழன்ற ஒரு பொருக்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மயிர்கள் தூரிகை மாதிரிக் குத்திட்டு நின்று, மஞ்சள் சீழும் இருந்தால் பெரும்பாலும் இது டெர்மடோபிலஸ் என்ற பற்றீரியாவின் வேலை. மழைக்காலத்தில் குதிரைகளின் காலில் வரும் சேற்றுப்புண்ணிலும் பெரும்பாலும் இதே கிருமிதான். பொருக்குக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நனைந்தால் நீந்தி வெளியே வந்து, சேற்றில் ஊறி மெலிந்த தோலுக்குள் இறங்கும். பார்க்கப் படர்தாமரை போலிருக்கும், ஆனால் பூஞ்சண மருந்துக்கு அடங்காது.

காய்ந்த பொருக்கைப் பிய்த்து எடுக்க வேண்டாம். இரத்தம் வரும், அடுத்த நாள் பசு உங்களைக் கிட்டவே விடாது. சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துவிட்டு, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பொருக்கை நன்றாக ஊறவிடுங்கள். ஊறியதும் கை வைத்தாலே கழன்று வரும். வராததை நாளைக்கு விடுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் 10 சதவீத பொவிடோன் அயடீன் என்ற கிருமிநாசினியில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் அப்படியே விட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் மருந்தைவிட முக்கியம்: உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி, குளம்பு மடிப்புவரை ஈரமில்லாமல் துடையுங்கள். பலர் மருந்தை ஊற்றிவிட்டு, நனைந்த காலோடு மாட்டை மறுபடி சேற்றில் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மாரி முடியும்வரை இது ஆறாது. ஒரு வாரம் தினமும் செய்யுங்கள், பிறகு ஆறும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். கழன்ற பொருக்கை நிலத்தில் போடாமல் எரித்துவிடுங்கள். கையுறை கட்டாயம், இது மனிதத் தோலுக்கும் தொற்றும். ஒரு மாட்டைத் துடைத்த துணி இன்னொன்றுக்கு வேண்டாம்.

கொட்டில் முழுவதையும் உயர்த்த இப்போது வசதி இல்லையென்றால், மாடு படுக்கும் இடத்தையாவது கிரவல் போட்டுச் சரிவாக உயர்த்துங்கள். மேலே உமி பரப்பலாம், உங்கள் பக்கம் நெல் ஆலைகளில் கிடைக்கும். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். வயலெல்லாம் விதைத்துக் கிடக்கும் காலம், மாட்டைக் கட்டி வைக்காமல் முடியாது என்று தெரியும். அதனால்தான் அந்தப் படுக்கையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

நாலைந்து நாளில் குறையாவிட்டால், கால் மேல்நோக்கி வீங்கினால், தீன் எடுக்காவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். பெனிசிலின் அல்லது ஒக்சிரெற்றாசைக்கிளின் ஊசி போடுவார். போட்டால் எத்தனை நாளுக்குப் பால் கறந்து ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அந்தப் பசுவின் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.