டொக்கிங் ஸ்டேஷன் பழுதா, கேபிள் பழுதா? கேள்வி பதில்

மடிக்கணினியோடு மொனிட்டர், மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டிதான் டொக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டொக். ஹட்டன் நகரில் மடிக்கணினி திருத்தும் என்னிடம் “டொக் பழுது” என்று கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவை பழுதானவையே அல்ல. பணம் செலவழித்துப் புதியதை வாங்கிய பிறகு இதை அறிந்து வருந்துபவர்களைப் பார்த்துச் சலித்ததனால்தான் இக்கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து ஒரு கணக்காளர்: ஐயா, புதிய டொக்கில் மடிக்கணினி சார்ஜ் ஆகிறது, மவுஸும் கீபோர்டும் வேலை செய்கின்றன. ஆனால் மொனிட்டரில் படம் வரவில்லை. டொக்கில் குறையில்லை என்கிறார் கடைக்காரர்.

கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். யூஎஸ்பி-சி துளைகள் எல்லாம் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், அவற்றின் வழியே படம் செல்ல வேண்டுமானால் மடிக்கணினியின் அந்தத் துளைக்கு ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி இருக்க வேண்டும். துளையின் அருகே ‘டி’, ‘பி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிய குறியோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் குறியோ இருந்தால் வசதி உண்டு. பேட்டரி வடிவக் குறி சார்ஜ் ஏறும் என்பதை மட்டுமே சொல்கிறது. குறியே இல்லாவிட்டால், மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விபரப் பட்டியலைப் பாருங்கள்.

துளையில் குறையில்லை என்றால் அடுத்து கேபிளைச் சந்தேகியுங்கள். கைத்தொலைபேசியோடு வரும் சி கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0 தரவுக்கும் உரிய கம்பிகள் மட்டுமே இருக்கும். படத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகள் இருக்கமாட்டா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. டொக்கோடு வந்த கேபிளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நீளம் போதவில்லை என்று வேறொன்றைப் பொருத்தினீர்களா?

துளைக்கே அவ்வசதி இல்லையென்றால் டிஸ்ப்ளேலிங்க் வகை டொக் ஒன்றைப் பாருங்கள். அது படத்தைச் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தரவாகவே அனுப்புவதால் அதற்குரிய டிரைவர் மென்பொருளை மடிக்கணினியில் நிறுவியாக வேண்டும். கணக்கு வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, என்னுடையது எம்1 மெக்புக் ஏர். டொக்கில் இரண்டு மொனிட்டர்களைப் பூட்டினால் இரண்டிலும் ஒரே படம் வருகிறது. நண்பனின் விண்டோஸ் கணினியில் இதே டொக் சரியாக வேலை செய்கிறது.

தம்பி, எம்1 மெக்புக் ஏர் வெளியே ஒரு மொனிட்டரை மட்டுமே ஆதரிக்கும். அத்துடன், இத்தகைய டொக்குகள் ஒரே இணைப்பை இரண்டாகப் பிரிக்கக் கையாளும் எம்எஸ்டி முறையில் இரண்டு திரைகளுக்கு வெவ்வேறு படம் அனுப்புவதை மெக் இயங்குதளம் ஏற்பதில்லை. உங்களுக்கும் டிஸ்ப்ளேலிங்க்தான் தீர்வு. அதன் மென்பொருள் திரைப்பதிவு அனுமதி கேட்கும்போது மறுத்துவிடாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை அலுவலர்: டொக்கில் பூட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்குகிறது.

டொக்குக்குக் கொடுக்கும் மின்சாரம் முழுவதும் மடிக்கணினிக்குப் போய்ச் சேர்வதில்லை. தன் தேவைக்காக ஒரு பங்கை டொக் வைத்துக்கொள்கிறது. அதனால் 65 வொட் சார்ஜரைச் சிறிய டொக் ஒன்றில் செருகினால், மடிக்கணினிக்கு 50 வொட் அளவே கிடைக்கலாம். கேபிளும் காரணமாகலாம்: 5 அம்பியருக்கு உரிய சில்லு (சிப்) பொதியப்படாத சி கேபிள் 3 அம்பியருக்கு மேல் தராது, அதாவது 20 வோல்ட்டில் 60 வொட்தான். 100 வொட் என்று அச்சிடப்பட்ட கேபிளைப் பொருத்திப் பாருங்கள்.

பதுளையிலிருந்து: டொக்கில் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவி ஓடுகிறது.

யூஎஸ்பி 3 இணைப்பு வேலை செய்யும்போது எழும் இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. மவுஸின் சிறிய ரிசீவரை ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் பொருத்தி, டொக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். வைஃபை ரவுட்டரையும் டொக்கின் அருகே வைக்காதீர்கள்.

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை: ஐயா, ஒக்டோபரில் இடி முழங்கிய மறுநாள் முதல் டொக்கில் விளக்கே எரியவில்லை. வீட்டில் ஈரக்கசிவும் உண்டு.

முதலில் எல்லா வயர்களையும், சுவரிலிருக்கும் ப்ளக்கையும் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு டொக்குக்கு மின்சாரம், அடுத்து மொனிட்டர், கடைசியில் மடிக்கணினி என்ற வரிசையில் பூட்டுங்கள். அப்போதும் விளக்கு எரியாவிட்டால், அதே வோல்ட்டும் போதிய அம்பியரும் அச்சிடப்பட்ட, முனையும் பொருந்துகின்ற வேறொரு அடப்டரைக் கொண்டு சோதியுங்கள். இடியில் அடப்டர் மட்டும் போய், டொக் தப்பியிருப்பதும் உண்டு.

சென்ற நவம்பரில் தோட்டத் தொழிலாளர் லயன் வீடு ஒன்றிலிருந்து வந்த டொக்கைத் திறந்தேன். லேன் துளையின் (இணைய வயரைச் செருகும் துளை) உலோக முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதற்குப் பின்னால் நகக்கண் அளவான ஒரு சில்லின் மேல் கரும்புள்ளி. மற்றவை யாவும் நன்றாக இருந்தன. ரவுட்டரிலிருந்து கூரையோரமாக இழுத்து வந்த லேன் கேபிள் வழியே மின்னல் வந்திருக்கிறது. வீட்டார் சுவர் ப்ளக்கை மட்டும் கழற்றியிருந்தார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிக்குமுன் இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் காப்புப் பலகை (சர்ஜ் ப்ரொடெக்டர்) வைத்திருந்தாலும், மூன்று முனை ப்ளக்கை எர்த் இல்லாத துளையில் செருகினால் அதன் பாதுகாப்பு பெருமளவு குறைந்துவிடும். எர்த் வயர் உண்மையில் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று மின்பணியாளர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். இந்தச் செலவை மட்டும் தள்ளிப்போட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈரத்துக்கு: குளிரில் கிடந்த டொக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் பூட்டாதீர்கள், உள்ளே பனித்துளி படியும். அரை மணி நேரமாவது பொறுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், மேசையின் நடுவே காற்றுப்படும்படி வையுங்கள்.

கண்டியிலிருந்து: பாவித்த டொக் வாங்கலாமா?

வாங்கலாம். உங்கள் மடிக்கணினியையும் கேபிளையும் கையோடு கொண்டுசென்று, மொனிட்டர், லேன், சார்ஜ் மூன்றையும் ஒரே நேரத்தில் பூட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.