கொஸ்டின் டேக்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,
தேர்வுக்காக ஆங்கில இலக்கணம் படிக்கிறேன். கேன், வில் எல்லாம் சரியாக வருகிறது. யூஸ்ட் டு, நீட், டேர், ஆட் டு போன்ற செமி மோடல்கள், அதாவது ஓரளவு கேன், வில் போல நடக்கும் சொற்கள், வந்தால் எந்தக் கொஸ்டின் டேக், அதாவது வாக்கியத்தின் கடைசியில் 'இல்லையா?' என்பதுபோல ஒட்டும் சிறு கேள்வி, போடுவதென்று குழம்புகிறது. மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் தருவீர்களா?
க.

அன்புள்ள க,

பட்டியல் தரமாட்டேன். நீங்கள் குழம்பியதே பட்டியல்களால்தான். இந்தச் சொல்லுக்கு இந்த டேக் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது பொய். அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'யூ நீட் டு ரெஸ்ட்' என்பதில் நீட் சாதாரண வினைச்சொல், கேள்வியாக்க 'டூ' துணைக்கு வரவேண்டும், ஆகவே 'டோன்ட் யூ?' 'யூ நீடன்ட் கம்' என்னும்போது அதே நீட் யார் துணையும் இல்லாமல் எதிர்மறையாகிவிட்டது, ஆகவே 'நீட் யூ?' அதையே 'யூ டோன்ட் நீட் டு கம்' என்று சொன்னால் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், டேக் மட்டும் 'டூ யூ?' ஒரே சொல், மூன்று டேக். இதைப் பட்டியலில் எங்கே எழுதுவீர்கள்? டேரும் இப்படித்தான்: 'ஹி டேரன்ட் ஆஸ்க், டேர் ஹி?', 'ஹி டஸன்ட் டேர் டு ஆஸ்க், டஸ் ஹி?'

ஆட் டுவுக்கு 'ஆட்டன்ட்', 'ஷுடன்ட்' இரண்டும் புழக்கத்தில் உண்டு, விடுங்கள். யூஸ்ட் டுவுக்கு 'டிடன்ட்' போதும். 'யூஸன்ட்' பழைய பிரிட்டிஷ் வழக்கு, இன்று பேசுவாரில்லை.

உங்கள் கடிதம் வரும் முன்பே டேக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் இறந்தபின் அவரோடு வேலை பார்த்த இருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். 'ஹி யூஸ்ட் டு ஸிங், டிடன்ட் ஹி?' என்றார் ஒருவர், கடைசியில் குரல் இறங்கியது. அவருக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை, கூட நினைத்துப்பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதே சொற்களைக் குரல் ஏற்றிச் சொல்லியிருந்தால், அவர் பாடுவாரா என்று உறுதியாகத் தெரியாத ஒருவர் கேட்கும் உண்மையான கேள்வியாகியிருக்கும். எதிரில் இருப்பவரிடம் திரும்புவதற்காக உண்டான ஒன்றை, கோடிட்ட இடத்தை நிரப்புக என்று தாளில் அடைத்து, குரலே இல்லாமல் படிக்கவைக்கிறோம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீங்களாவது வாய்விட்டுப் படியுங்கள், க. ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் கேள்வியாக்கிப் பாருங்கள், முன்னால் வந்து நிற்கும் துணைவினைதான் டேக்கிலும் வரும். 'வீ ஹாட் பெட்டர் கோ' என்பதை மட்டும் இன்றே செய்துபார்த்து, என்ன வந்தது என்று எழுதுங்கள்.