நல்லா பேசுற புள்ளைய மட்டும் எடுக்காதீங்க

கேள்வி: அக்கா, நான் புதுவயல் பக்கம் ஒரு சின்ன தொண்டு அமைப்புல வேலை பாக்குறேன். 15-லேருந்து 18 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள பியர் எஜுகேட்டரா தயார் பண்ணணும், பீரியட்ஸ், சத்துணவு, போதை, மனசு கஷ்டம் இதெல்லாம் கூட இருக்கிற புள்ளைங்களுக்கு அவங்களே சொல்லணும். ஒரு செட்டியார் வீட்ல இடம் குடுத்திருக்காங்க, சாயந்திரம் ஆறு மணிக்கு வகுப்பு. ஸ்கூல்ல கேட்டா ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ளைங்களாவே அனுப்புறாங்க. காது கேக்காத ஒரு பையன், படிப்ப நிறுத்திட்டு டைல்ஸ் பட்டறைக்குப் போற பொண்ணு, ரைஸ் மில்லுல வேலை செய்ற வடமாநிலக் குடும்பத்துப் புள்ளைங்க, இவங்கல்லாம் ரெண்டு வகுப்புக்கு மேல வர்றதில்ல. எல்லாரையும் சேத்துக்கணும்னு தனியா ஒரு பாடமே எடுத்துப் பாத்துட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, பாடம் எடுத்ததுல தப்பில்ல, ஆனா இது பாடத்துல தீர்ற விஷயம் இல்ல, யாரக் கூப்புடுறோம், எங்க உக்கார வைக்கிறோம், எத்தன மணிக்கு வைக்கிறோம்ங்கிறதுலயே முக்காவாசி முடிஞ்சிருது.

மொதல்ல அந்த எடத்த மாத்துங்க. ஆத்தங்குடி தரை, பர்மா தேக்குத் தூணு, போட்டோக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா தெருவுலேருந்து முகப்புக்கு எத்தன படினு எண்ணுனீங்களா, கட்டை ஊனி நடக்குற புள்ள எப்படி ஏறும்? அதவிட பெருசு என்னனா, நல்லா நடக்க முடிஞ்சும் ஏறத் தயங்குற புள்ளைங்க இருக்கு. அப்பாவும் தாத்தாவும் பின்வாசல் வழியா மட்டும் வந்து போன வீட்டுக்குள்ள, முகப்பு வழியா வந்து நடு வளவுல உக்காந்து உன் வீட்டுக் கஷ்டத்தச் சொல்லுனா எந்தப் புள்ள வாயத் தொறக்கும்? வீட்டுக்காரங்க தங்கமானவங்களாவே இருக்கட்டும், நான் அவங்கள குறை சொல்லல. ஊர் நூலகமோ ஸ்கூலோ, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத எடமா பாருங்க. ஆறு மணியும் வேணாம், இருட்டுன பிறகு தனியா திரும்பி வர பொம்பளப் புள்ளைய எந்த வீட்ல விடுவாங்க, பட்டறைக்கு லீவு நாள் எதுனு கேட்டு அன்னைக்குக் காலைல வைங்க.

அடுத்து ஆள் எடுக்குறது. நல்லாப் பேசுற புள்ள வேற, மத்த புள்ளைங்க தேடிப் போய்ப் பேசுற புள்ள வேற. ஹெட்மாஸ்டர்ட்ட லிஸ்ட் கேட்டா மொத வகைதான் வரும். வகுப்புல எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டக் குடுத்து, 'மனசு சரியில்லைனா இங்க யார்ட்ட சொல்லுவே?'னு ஒரே ஒரு கேள்வி, எழுதுறவங்க தன் பேரு போடாம எழுதச் சொல்லுங்க, திரும்பத் திரும்ப வர்ற பேரு கடைசி பெஞ்சுல இருக்கலாம். பட்டறைலயும் மில்லு லைன்லயும் இதையே வாயால கேளுங்க. மத்திய அரசு 2014-ல தொடங்குன வளரிளம் பருவ நலத் திட்டம் 10-லேருந்து 19 வயசு வரைக்கும், அதுலயே கிராமத்துக்கு ரெண்டு பையன் ரெண்டு பொண்ணுனு எடுத்து ஒரு ஜோடி ஸ்கூல் போற புள்ளைங்களுக்கு, ஒரு ஜோடி போகாத புள்ளைங்களுக்குனுதான் வச்சிருக்காங்க. அந்த ரெண்டாவது ஜோடில உங்க பட்டறைப் பொண்ணு இருக்கணும், ஸ்கூல் டாப்பர் போய் அங்க என்னத்தப் பேசும்?

காது கேக்காத தம்பிக்கு சைகை மொழி தெரியுமானு அவன்ட்டயே கேளுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு இல்ல. போர்டப் பாத்து எழுதிக்கிட்டே பேசாதீங்க, வெளிச்சம் உங்க மொகத்துல விழுற மாதிரி நில்லுங்க, ஒருத்தர் முடிச்ச பிறகுதான் அடுத்தவர் பேசணும். கத்திப் பேசுறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவன கேக்குற ஆளாவே உக்கார வச்சிராதீங்க, படக் கார்டு வச்சு நடத்துற வகுப்பு அவன் கைல இருக்கட்டும், அதே கார்டு தமிழ் தெரியாத மில்லுப் புள்ளைங்களுக்கும் ஆகும். அந்தக் குடும்பங்கள்ல நம்ம ஊர் தமிழ் மீடியத்துல படிக்கிற புள்ள ஒண்ணு இருந்தா விட்றாதீங்க, ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்ச ஆளு அதுதான்.

வகுப்ப நடிச்சுப் பாக்குறதுலேருந்து ஆரம்பிங்க. யூனிஃபார்ம்ல கறை பட்டுருச்சு, பின்னாடி பசங்க சிரிக்கிறாங்க, நீ என்ன பண்ணுவேனு கேளுங்க. உங்க ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ள 'மாதவிடாய் என்பது இயற்கையான'னு ஆரம்பிக்கும், அங்கயே நிறுத்துங்க. பையக் குடுத்து மறைச்சுக் கூட்டிட்டுப் போறது, ஸ்கூல்ல நாப்கின் எந்த டீச்சர்ட்ட இருக்குனு தெரிஞ்சு வச்சிருக்கிறது, அதுதான் வேலை. அதே மாதிரி வாரா வாரம் குடுக்குற நீல இரும்புச் சத்து மாத்திரை, பாதி ஜன்னல் வழியா போறது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சாப்ட்ட பிறகு போடு, வயிறு அவ்வளவா பெரட்டாது, வெளிக்குக் கருப்பா போனா பயப்படாதேனு கூடப் படிக்கிறவ சொன்னா அது எடுபடும்.

ட்ரெயினிங்குக்கு வந்த புள்ளைங்களையும் கொஞ்சம் கவனிங்க. 2008-லயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைச்ச மாநிலம் இது, இன்னும் ஒரு பையன் நடைய வச்சு கேலி நடக்குது. இடைவேளைல யார் சிரிக்கிறா, யார் நிறுத்துறானு பாத்தீங்கன்னா எந்தப் புள்ளைய நம்பி அனுப்பலாம்னு தெரிஞ்சிரும்.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிக்குடுங்க, 'யார்ட்டயும் சொல்லமாட்டேன்'னு எந்தப் புள்ளையும் சத்தியம் பண்ணக் கூடாது. சாதாரண ரகசியம் ரகசியமாவே இருக்கட்டும், ஆனா யாரோ தப்பா நடந்துக்கிறாங்கன்னோ உயிர விடப் போறேன்னோ ஒரு புள்ள சொன்னா, நோண்டிக் கேக்காம அன்னைக்கே உங்ககிட்ட வரணும். புள்ளைங்கள பாலியல் கொடுமைலேருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி, அப்படி நடக்குறது தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருந்தா குற்றம், பதினெட்டு வயசுக்கு உட்பட்ட புள்ளைங்களுக்கு அதுக்கு தண்டனை இல்ல, உங்களுக்கு உண்டு. புள்ளைங்க உதவிக்கு 1098, மனநலத்துக்கு 14416, ரெண்டு நம்பரையும் மனப்பாடமா சொல்ல வைங்க. மத்த எதுக்கும் 'தெரியல, கேட்டுச் சொல்றேன்'னு சொல்லப் பழக்குங்க, கேட்டு வந்து சொல்லவும் பழக்குங்க.

பஸ் காசு, பட்டறைப் பொண்ணுக்கு ஒரு நேரக் கூலி போனா அத ஈடுகட்டுறதுக்கு இப்பவே பட்ஜெட்ல எழுதிருங்க, டீ பிஸ்கட்டுக்கு முன்னாடி. ப்ளஸ் டூ புள்ளைங்கள டிசம்பருக்கு மேல இழுக்காதீங்க, மார்ச்ல பரீட்சைனு வீட்ல விடமாட்டாங்க, ப்ளஸ் ஒன்லேருந்தே எடுத்தீங்கன்னா அடுத்த செட்டுக்கு இவங்களே சொல்லிக் குடுப்பாங்க.