கப் பழகுறவங்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

திருமங்கலம் பக்கம் நர்ஸா வேலை பாக்குறேன். மாதவிடாய் கப், அதான் நாப்கினுக்குப் பதிலா உள்ள வச்சு ரத்தத்தைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம், அதைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுக்கெல்லாம் வரிசையாப் பதில் சொல்றேன், கேட்டவங்க ஊர்ப்பேரை மட்டும் போட்டிருக்கேன். எந்தக் கம்பெனி வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க.

மேலூர்: அக்கா, மூணு நாளா முயற்சி பண்றேன். உள்ளேயே போக மாட்டேங்குது, வலிக்குது.

வலிச்சா அன்னிக்கு விட்டுடுங்கம்மா. பயந்தா தசை இறுகும், இறுகினா வலிக்கும், வலிச்சா இன்னும் பயம் வரும். லீவு நாளாப் பாத்து, ரத்தப்போக்கு நல்லா இருக்கறப்ப, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு உக்காருங்க. நம்ம ஊர் கக்கூஸ்ல குத்தவச்சு உக்கார்ற மாதிரிதான் இதுக்கு வசதி. கப்போட விளிம்புல ஒரு இடத்தை ஆள்காட்டி விரலால உள்பக்கமா அமுக்குங்க. முனை ஒடுங்கி மொட்டு மாதிரி ஆயிரும். தண்ணில நனைச்சுக்கங்க, எண்ணெய் தடவ வேணாம். நிறையப் பேர் நேரா மேல பாத்துத் தள்ளுறாங்க. பாதை அப்படிப் போகல, இடுப்புக்குப் பின்பக்கமாச் சாஞ்சு போகுது. அந்தப் பக்கம் பாத்து, மூச்சை விட்டுக்கிட்டே மெதுவாத் தள்ளுங்க. உள்ள போனதும் அடிப்பாகத்தை விரலால சுத்தித் தடவிப் பாருங்க. மடிப்புத் தட்டாம உருண்டையா இருந்தா விரிஞ்சிருச்சு. ரெண்டு மூணு மாதவிலக்கு போனாத்தான் கை பழகும், அதுவரைக்கும் கூடவே நாப்கினோ துணியோ வச்சுக்கங்க. விரல் வச்சாலே தாங்க முடியலன்னா டாக்டர்கிட்டக் காட்டுங்க. அதுக்கும் வைத்தியம் இருக்கு.

அவனியாபுரம்: கல்யாணம் ஆகாத பொண்ணு போடலாமா? கன்னித்தன்மை போயிரும்னு அம்மா சொல்றாங்க.

போடலாம். பிறப்புறுப்பு வாயில இருக்குற கன்னிச்சவ்வு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சிலருக்குக் கப் போட்டா கொஞ்சம் விரியலாம். அதை வச்சு ஒரு பொண்ணோட கற்பை எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அம்மாவையும் பக்கத்துல வச்சு இதை வாசிச்சுக் காட்டுங்க.

உசிலம்பட்டி: விடியக்காலம் மல்லிகை எடுக்கப் போனா திரும்ப மதியம் ஆயிரும். தோட்டத்துல கக்கூஸ் கிடையாது.

கப் உங்களுக்குத்தான் ரொம்ப ஒத்தாசை. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல போட்டுட்டுப் போனா, வந்து குளிக்கறப்ப எடுத்தாப் போதும். 12 மணி நேரத்துக்கு மேல மட்டும் உள்ள வைக்காதீங்க. போக்கு அதிகமான ரெண்டு நாள் கொஞ்சம் சீக்கிரமே நிறையும். ஒண்ணுக்குப் போக எடுக்க வேணாம். வெளியில எடுக்க வேண்டி வந்தா பாட்டில் தண்ணில முதல்ல கையைக் கழுவுங்க, அப்புறம் கப்பைக் கொட்டி அலசிப் போடுங்க.

வில்லாபுரம்: எடுக்கும்போது சுரீர்னு வலிக்குது.

கப்போட அடியில நீட்டிக்கிட்டு இருக்குற காம்பைப் பிடிச்சு இழுத்திருப்பீங்க. காம்பு, கப் எங்க இருக்குன்னு காட்டத்தான். கப் உள்ளுக்குள்ள காத்தைப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். அடிப்பாகத்தை ரெண்டு விரலால அமுக்கி அந்தப் பிடியை விடுவிச்சப்புறம் லேசா ஆட்டி எடுக்கணும்.

திருப்பரங்குன்றம்: காப்பர்-டி போட்டிருக்கேன்.

போட்டுவிட்ட டாக்டரைக் கேக்காம போடாதீங்க. இழுக்கறப்ப, கருத்தடைக்காகக் கர்ப்பப்பையில வச்ச காப்பர்-டியும் சேந்து வந்துரலாம்.

செல்லூர்: கொதிக்க வைக்கணுமாமே. பால் காய்ச்சுற அடுப்புல தீட்டை வைக்கிறதான்னு மாமியார் சத்தம் போடுறாங்க.

இதுக்குக் கீழ ஒரு சண்டையே நடந்திருக்கு. அனுப்பானடி மதினி, ‘தீட்டுன்னு ஒண்ணும் இல்ல, சோத்துப் பானையிலயே வையி’ன்னு எழுதியிருக்காங்க. வாடிப்பட்டிக்காரவுக, ‘அப்ப உங்க வீட்டுச் சாப்பாடு வேணாம்’னு திருப்பி எழுதியிருக்காங்க. பத்துப் பேர் ரெண்டு பக்கமும் சேந்துட்டாங்க.

மதினி சொல்றது சரி. மாதவிலக்கு ரத்தம் அழுக்குக் கிடையாது, அஞ்சு நிமிசம் கொதிச்ச கப்புல எதுவும் ஒட்டியும் இருக்காது. ஆனா செல்லூர் தங்கச்சி அந்த வீட்டுல மாமியாரோட இருக்கணுமே. சண்டைக்குப் பயந்து கொதிக்க வைக்காமலே போடுற பொண்ணுங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்கு அதுதான் கவலை. ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம் தனியா வாங்கி வச்சுக்கங்க. கப் முழுசா முங்குற அளவு தண்ணி, அடியில ஒட்டாமப் பாத்துக்கணும். மாதவிலக்கு தொடங்குறதுக்கு முன்னாடி ஒருதடவை, முடிஞ்சப்புறம் ஒருதடவை போதும். நடுவுல தண்ணில கழுவினாப் போதும். பிளாஸ்க் வெந்நீரை ஊத்துறது கொதிக்க வச்ச மாதிரி ஆகாது, ஹாஸ்டல் பிள்ளைங்க கவனிக்கணும்.

வாடிப்பட்டிக்காரவுகளுக்கு ஒண்ணு. நாம தூக்கிப் போடுற நாப்கின் வெள்ளக்கல் குப்பைக்கிடங்குக்குப் போறதுக்குள்ள தூய்மைப் பணியாளர் எத்தனை பேர் கையில படுதுன்னு யோசிங்க. நம்ம அடுப்புல படக்கூடாதுன்னு நினைக்கிறது அவங்க கையில மட்டும் படலாமா? கப் நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருசம் வரைக்கும் உழைக்கும்.

பழங்காநத்தம்: எடுக்கறப்ப வலி. என்ன செய்யலாம்?

வில்லாபுரத்துக்குச் சொன்னதைப் படிங்க. காம்பை இழுக்காதீங்க.

கூடல்நகர்: இது பாதுகாப்புதானா? ஆராய்ச்சி ஏதும் இருக்கா?

இருக்கு. 2019ல லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ்ல 43 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க, சுமார் 3,300 பேர். பாதுகாப்பானதுன்னுதான் முடிவு வந்துச்சு. பழகினவங்கள்ல நூத்துக்கு 70 பேர் கிட்ட தொடர்ந்து போடுவோம்னு சொல்லியிருக்காங்க. கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கின்னு ஒரு பஞ்சாயத்து, 2022லயே நாப்கின் இல்லாத ஊர்னு அறிவிச்சாங்க. அங்க பெண்களுக்குக் கப்தான் கொடுத்தாங்க. கப் போட்டிருக்கறப்ப திடீர்னு கடுமையான காய்ச்சல், வாந்தி, மேலெல்லாம் தடிப்பு, தலைசுத்தல் வந்தா உடனே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து.

சோழவந்தான்: ரெண்டு மணி நேரத்துல கப் நிறைஞ்சிருது. பெரிய சைஸ் வாங்கவா?

முதல்ல டாக்டரைப் பாருங்க. கப்புல இருக்குற மில்லிக் கோட்டை வச்சுக் கணக்கு எழுதிக் கொண்டு போங்க. ஒரு மாதவிலக்குல மொத்தம் 80 மில்லிக்கு மேல போனா அதிகம். ரத்தசோகை இருக்கான்னும் பாத்துக்கங்க.

வண்டியூர்: அக்கா இப்பவே பதில் சொல்லுங்க. உள்ள மாட்டிக்கிச்சு. காம்பு கைக்கே எட்டல. அழுகையா வருது.

அழாதீங்கம்மா. அது எங்கயும் போகாது. கர்ப்பப்பை வாய்க்குக் கீழதான் நிக்குது, அதைத் தாண்டி மேல போக வழியே கிடையாது. கொஞ்ச நேரம் எந்திரிச்சு நடங்க, தண்ணி குடிங்க. அப்புறம் நல்லா ஆழக் குத்தவச்சு உக்காந்து, வெளிக்குப் போறப்ப முக்குற மாதிரி கீழ்ப்பக்கமா மெதுவா முக்குங்க. கப் தானா இறங்கும். அடிப்பாகம் விரல்ல தட்டினதும் அமுக்குங்க, பிடி விட்ட சத்தம் கேக்கும். ஒரு பக்கமாச் சாய்ச்சு எடுங்க. கைக்கு வந்தாலும் காம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க. அப்படியும் வரலன்னா பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, ரெண்டு நிமிச வேலைதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல. எடுத்ததும் ஒரு வரி எழுதுங்க. முழிச்சுத்தான் இருக்கேன்.