மாநிலம் மறுத்தால் சி.பி.ஐ. வர முடியாதா?

கேள்வி: சி.பி.ஐ.க்கு அளித்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றது. அதன் பிறகும் மத்திய அமைப்புகளின் சோதனைகள் தொடர்கின்றனவே, இது எப்படி?

பதில்: செய்திகளில் வரும் சோதனைகள் எல்லாம் சி.பி.ஐ. நடத்துபவை அல்ல. அமலாக்கத் துறை 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படியும், என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. அவ்விரண்டுக்கும் மாநிலத்தின் இசைவு தேவையில்லை.

சி.பி.ஐ.யின் நிலை வேறு. அது 1963இல் உள்துறை அமைச்சகத்தின் தீர்மானத்தால் உருவானது. அதன் புலனாய்வு அதிகாரமோ 1946ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. சட்டத்தின் பார்வையில் அது டெல்லியின் காவல் பிரிவு. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், வேறொரு மாநிலத்துக்குள் அது செயல்பட அந்த மாநில அரசின் இசைவு வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு. (இவ்வளவு பெரிய அமைப்புக்கு நாடாளுமன்றம் இன்னும் தனிச் சட்டம் இயற்றாதது வியப்புதான். சி.பி.ஐ. சட்டப்படி நிறுவப்படவே இல்லை என்று 2013இல் குவஹாத்தி உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, உச்ச நீதிமன்றம் சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்தது.)

பொது இசைவு இருந்தால், அது குறிப்பிடும் குற்ற வகைகளில் சி.பி.ஐ. தானாகவே வழக்குப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் ஒவ்வொரு வழக்குக்கும் மாநிலத்திடம் கேட்க வேண்டும். பொது இசைவைத் திரும்பப் பெறுவது முன்பே தொடங்கிய விசாரணைகளை நிறுத்தாது. சிக்கிம் தொடர்பான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் கூறியது.

கேள்வி: மாநில அமைச்சர் ஒருவர் மீதே குற்றச்சாட்டு எழுந்தால், அவருடைய அரசிடமா இசைவு கேட்பது?

பதில்: இந்த ஏற்பாட்டின் மெய்யான பலவீனம் அதுதான். மத்திய ஆட்சி சி.பி.ஐ.யைத் தன் அரசியலுக்குப் பயன்படுத்துகிறது என்னும் மாநிலங்களின் புகாரைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அந்தப் புகாருக்குப் பின்னால் ஊழலும் ஒளிந்துகொள்ளலாம். இதற்கு நீதிமன்றமே வழி. மாநிலத்தின் இசைவு இல்லாமலேயே உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று, மேற்கு வங்க வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2010இல் தீர்ப்பளித்தது. எனினும் இந்த அதிகாரத்தை வழக்கமாகப் பயன்படுத்தலாகாது, அரிதான சூழலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அதே அமர்வு எச்சரித்திருக்கிறது. ஆகவே மனு அளிப்பவர், மாநிலக் காவல் துறையின் விசாரணை ஏன் நம்பத் தகாதது என்பதை உரிய ஆதாரங்களுடன் காட்டியாக வேண்டும்.