ப்ளூஸ் கிதாருக்கு ட்யூப் ஆம்ப்: எத்தனை வாட், எந்தக் குடும்பம், பழசா புதுசா?

கேள்வி: கோவையில் அபார்ட்மெண்டில் இருக்கிறேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார் வைத்திருக்கிறேன். 1950-களின் சிகாகோ ப்ளூஸ் பதிவுகளில் வருகிற, லேசாகக் கரகரத்து விரல் அழுத்தத்துக்குத் தகுந்தபடி மாறுகிற சத்தம் எனக்கு வேண்டும். கடையில் 40 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றைக் காட்டி, "பெருசாவே வாங்கிக்குங்க, வேண்டாம்னா சத்தத்தைக் குறைச்சுக்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கு அந்த யோசனை சரி. ட்யூப் ஆம்புக்குச் சரிவராது.

நீங்கள் தேடும் கரகரப்பு, ட்யூப் தன் எல்லையைத் தொடும்போதுதான் வரும். உள்ளே முதலில் சிறிய ப்ரீஆம்ப் ட்யூப்கள், அதற்கப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்கள், பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் ஸ்பீக்கர். வால்யூமை ஏற்ற ஏற்ற இவை எல்லாமே ஒன்றாகத் திணறத் தொடங்கும். அந்த நிலையில் மெதுவாக மீட்டினால் சத்தம் தெளிவாக இருக்கும், அழுத்தி மீட்டினால் கரகரக்கும். 40 வாட் ஆம்பின் வால்யூமை வீட்டில் 2-ம் எண்ணில் வைத்து வாசித்தால் அது திணறவே திணறாது. நல்ல, சுத்தமான, நீங்கள் கேட்காத ஒரு சத்தம்தான் கிடைக்கும்.

அந்தச் சத்தம் பிறந்ததே இப்படித்தான். ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான மட்டி வாட்டர்ஸ் 1943-ல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்தார். மதுக்கூட இரைச்சலில் சாதாரண கிதார் கேட்காது என்பதால் எலக்ட்ரிக் கிதாருக்கு மாறினார். அந்தக் காலத்து ஆம்ப்கள் சின்னவை. கூட்டத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்றால் நன்றாகத் திருகித்தான் ஆக வேண்டும். திருகினால் கரகரக்கும்.

வாட் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம், கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. 15 வாட்டை 30 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ஓரளவு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 5 வாட்டில் 102 டெசிபல் தரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அது தாராளமாகப் போதும். ஆகவே அபார்ட்மெண்டுக்கு 5 வாட்டே உச்சம். அதையும் முழுக்கத் திருக வேண்டுமென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் அட்டெனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் குறைக்கும் பெட்டி) போட வேண்டியிருக்கும். அதில் சத்தத்தை ரொம்பக் குறைத்தால் உயிர் கொஞ்சம் போகும், ஏனென்றால் ஸ்பீக்கர் வேலை செய்வதும் அந்த டோனில் ஒரு பங்கு. ஓரளவு குறைத்தால் பிரச்சினை இல்லை.

5 வாட் என்றால் விளையாட்டுப் பொருள் என்று நினைக்காதீர்கள். ஃபெண்டரின் 1950-களின் பின்பாதி சாம்ப் ஆம்பில் ஒரே ஒரு 6வி6 பவர் ட்யூப், 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-ல் மயாமியில் அதை ஸ்டுடியோவில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். மைக் முன்னால் வைத்துவிட்டால் அது சின்ன ஆம்ப் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்ன மேடைகளில் வாசிக்கிறோம், டிரம்ஸும் உண்டு. ட்வீட் மாதிரி ஆம்பா, ப்ளாக்ஃபேஸ் மாதிரி ஆம்பா என்று முடிவு செய்ய முடியவில்லை. ப்ளூஸ் ஜூனியரும் பட்டியலில் இருக்கிறது.

பதில்: டிரம்ஸ் இருப்பதால் 12 முதல் 22 வாட் வரை பாருங்கள். அதற்குள் குணம் வேறு வேறு. ட்வீட் என்பது துணி போர்த்திய 1950-களின் ஃபெண்டர் ஆம்ப்கள், ப்ளாக்ஃபேஸ் என்பது முன் தகடு கறுப்பாக இருக்கும் 1960-களின் ஃபெண்டர் ஆம்ப்கள்.

ட்வீட் டீலக்ஸ் (5ஈ3 என்ற சர்க்யூட், 1950-களின் பின்பாதி) இரண்டு 6வி6 ட்யூப்களும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்டது. இதில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக் கரகரப்பை அடக்கும் ஏற்பாடு) கிடையாது. அதனால் சீக்கிரமே கரகரக்கும், மிட் (நடுத்தர அதிர்வெண் சத்தம்) தடித்து நிற்கும், மீட்டிய வேகத்துக்கு உடனே பதில் சொல்லும். மின்சாரத்தைத் திருத்தித் தரும் வேலையையும் 5ஒய்3 என்ற ட்யூப்தான் செய்கிறது. அழுத்தி ஒரு நரம்பைத் தட்டினால் வோல்டேஜ் ஒரு நொடி சரிந்து மீளும். காதில் அது சத்தம் அமுங்கி மெல்ல மலர்வதாகக் கேட்கும். மெதுவான ப்ளூஸில் ஒரு ஸ்வரத்தை நிறுத்தி வைக்கும்போது இது தருகிற சுகமே தனி. குறை என்னவென்றால், தெளிவான சத்தம் வேண்டுமென்றால் இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிதாரைப் போட்டு ஏற்றினால் பேஸ் குழைந்துவிடும்.

1963-ல் வந்த டீலக்ஸ் ரிவர்ப் ப்ளாக்ஃபேஸ் குடும்பம். 22 வாட், ஸ்ப்ரிங் ரிவர்ப் (எதிரொலி), ட்ரெமலோ (சத்தம் ஏறி இறங்கி அலையடிப்பது). மிட் கொஞ்சம் உள்வாங்கி, மேல் சுருதி பளிச்சென்று இருக்கும், பாதி வழி வரை தெளிவாகவே போகும். ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் சத்தம் இந்தக் குடும்பத்தின் பெரிய ஆம்ப்களோடு ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் சேர்ந்தது. அந்தப் பெடல் மிட்டைத் தூக்கிக் கொடுக்கும், ஆம்பில் குறைகிற இடத்தை அது நிரப்பிவிடும்.

ஃபெண்டரின் ப்ளூஸ் ஜூனியர் நல்ல ஆம்ப். ஆனால் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதன் பவர் ட்யூப் ஈஎல்84, அதாவது வோக்ஸ் ஏசி15-ல் இருக்கும் வகை, ட்வீட் வழி அல்ல. மாஸ்டர் வால்யூம் (ப்ரீஆம்பை ஏற்றிவிட்டு மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் குமிழ்) இருப்பதால் குறைந்த சத்தத்திலும் கரகரக்கும். ஆனால் அது ப்ரீஆம்பின் கரகரப்பு, சற்று மெலிந்து கேட்கும்.

என் தேர்வு கேட்டால்: ஒரே பாணி ப்ளூஸ் வாசிக்கிறீர்கள் என்றால் ட்வீட் டீலக்ஸ் வகை. ஒரே இரவில் ப்ளூஸ், ஃபங்க், சினிமாப் பாட்டு எல்லாம் வாசிக்க வேண்டுமென்றால் டீலக்ஸ் ரிவர்ப். அதற்கு மேல் போய் ஃபெண்டர் பேஸ்மேன் மாதிரி நாலு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியை ஆசைப்படாதீர்கள். பேஸ் கிதாருக்காகச் செய்த அந்த ஆம்பைத்தான் ப்ளூஸ்காரர்கள் கிதாருக்கும் மவுத் ஆர்கனுக்கும் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்பை உருவாக்க மாதிரியாகக் கொண்டதும் அதைத்தான். அருமையான ஆம்ப். ஆனால் சின்ன மேடையில் அது உங்கள் பாடகரை விழுங்கிவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 1960-களின் அசல் ஆம்ப் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறேன் என்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: சொல்வதற்கு முன் அண்ணனை ஆம்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் அதிகம் சூடாகும். மணிக்கணக்கில் வாசித்தால் ஆயுள் குறையும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கென்று செய்த ஏற்றுமதி வகை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிக்கொள்வதுதான் நல்ல தீர்வு. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பழைய ஆம்ப்களில் இரண்டு பின் பிளக்தான் இருக்கும், எர்த் கிடையாது. மின் கம்பிக்கும் உலோக உடலுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது பழுதானால் கிதார் நரம்பிலேயே மின்சாரம் வரும். அதைக் கழற்றிவிட்டு மூன்று பின் பிளக் போடாமல் ஒருநாள்கூட வாசிக்காதீர்கள். அசல் தன்மை போய்விடும், மறுவிற்பனை விலை குறையும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஃபில்டர் கெபாசிட்டர்களும் இருபது வருஷத்தில் உலர்ந்துவிடும். அறுபது வருஷத்து ஆம்பில் மாற்றாமலே இருந்தால் ஹம் (உம்மென்ற இரைச்சல்) வரும், டிரான்ஸ்ஃபார்மரையே கொன்றுவிடும்.

இந்த வேலைகளை நீங்களே திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். வால்வு ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடம் சர்க்யூட் படத்தோடு போங்கள். கிதார் ஆம்ப் பார்த்ததில்லை என்பார், ஆனால் உள்ளே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்த சமாசாரம்தான்.

விமானத்தில் வருவதானால் ட்யூப்களைக் கழற்றித் தனியாகப் பொதிந்து கொண்டுவரச் சொல்லுங்கள். எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். டீலக்ஸ் ரிவர்ப் மட்டுமே சுமார் 19 கிலோ.

கேள்வி: கையால் ஒயரிங் செய்த ஆம்ப், சாதாரண சர்க்யூட் போர்டு ஆம்பைவிட மிக அதிக விலை. டோன் அவ்வளவு மாறுமா?

பதில்: டோனுக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஒரே சர்க்யூட், ஒரே தரமான டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஸ்பீக்கர் என்றால் வித்தியாசம் சொற்பம். கையால் செய்ததன் நிஜமான லாபம் பழுது பார்ப்பதில் இருக்கிறது. எந்த ரெசிஸ்டரையும் யாரும் கண்ணால் பார்த்து மாற்றலாம். போர்டு வகையில் ட்யூப் சாக்கெட்டே போர்டில் பற்றவைத்திருந்தால், சூட்டில் சால்டர் விரிசல் விடும். சாக்கெட் உலோகப் பெட்டியில் தனியாகப் பொருத்தியிருந்தால் தைரியமாக வாங்கலாம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஜென்சன் ஸ்பீக்கரிலிருந்து செலஸ்டியன் ஸ்பீக்கருக்கு மாற்றிப் பாருங்கள், ஆம்பையே மாற்றியது போல இருக்கும்.

கேள்வி: ட்யூப் அடிக்கடி போய்விடுமா? இங்கே கிடைக்குமா?

பதில்: ப்ரீஆம்ப் ட்யூப்கள் பல வருஷம் வரும். தினமும் சத்தமாக வாசித்தால் பவர் ட்யூப்கள் இரண்டு மூன்று வருஷத்தில் தளரும். இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்ற மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022-ல் ரஷ்ய ஏற்றுமதி நின்றபோது விலை ஏறியது. ஆகவே 12ஏஎக்ஸ்7, 6வி6, 6எல்6, ஈஎல்84 போன்ற பரவலான எண்களை வைத்து ஓடும் ஆம்பை வாங்குங்கள், ஒரு மாற்று செட்டும் கையில் இருக்கட்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் மட்டும் ட்யூப் ஆம்பை இயக்கிவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: பழைய ஆம்ப் ஒன்றை நேரில் பார்க்கப் போகிறேன். என்ன சோதிப்பது?

பதில்: சொந்தக் கிதாரைக் கொண்டு போங்கள். ஆம்பை அரை மணி நேரமாவது சூடேற விடுங்கள், பல கோளாறுகள் சூட்டில்தான் தலைகாட்டும். கிதாரைக் கழற்றிவிட்டு வால்யூமை ஏற்றி ஹம் கேளுங்கள். பென்சிலால் ப்ரீஆம்ப் ட்யூப்களை மெல்லத் தட்டுங்கள், மணி அடித்த மாதிரி ஸ்பீக்கரில் எதிரொலித்தால் அந்த ட்யூப் மாற்ற வேண்டியது. பவர் ட்யூபுக்குள் தகடு சிவந்து ஜொலித்தால் உடனே அணைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குமிழ் கறகறப்பது சின்ன விஷயம், சுத்தம் செய்தால் போகும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

கேள்வி: டிரான்சிஸ்டர் ஆம்பில் ப்ளூஸ் வாசிக்கவே முடியாது என்கிறான் நண்பன்.

பதில்: ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் வருஷக்கணக்கில் விரும்பி வாசித்த லேப் சீரிஸ் எல்5 முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப். அவர் தேடியது தெளிவான, நீண்டு பாடும் சத்தம். கரகரப்பு தேடும் உங்களுக்கு ட்யூப் நிச்சயம் உதவும், ஆனால் அதற்கு இடமும் அக்கம்பக்கத்தாரின் சம்மதமும் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் கிடைக்கிறது என்றால், 2019-ல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் மாதிரி டிஜிட்டல் ஆம்பை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதே மாடல் ட்யூப் ஆம்பைவிட எடை ஏறக்குறைய பாதி, சத்தத்தைக் குறைக்க பின்னால் ஒரு ஸ்விட்ச்சும் உண்டு.