ரூட்டரில் வைஃபை சேனலை (சிக்னல் செல்லும் தடம்) ஆட்டோவில் விடுவதா, நாமே தேர்ந்தெடுப்பதா?

சுற்றிலும் வேறு வைஃபை அதிகம் இல்லையென்றால் ஆட்டோவே போதும், தொட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதை வேறு. பல ரூட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும்தான் நல்ல சேனலைத் தேடுகின்றன. காலையில் காலியாக இருந்த சேனல் இரவில் நெரிசலாகிவிட்டாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஆண்ட்ராய்டு மொபைலில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து பாருங்கள். வைஃபையின் அலைக்கற்றைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் நெரிசல் குறைந்ததை வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கட்டும். 3, 4 என்று நடுவில் நுழைந்தால் இரண்டு பக்கமும் இடைஞ்சல்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

இன்னொரு அலைக்கற்றையான 5 கிகாஹெர்ட்ஸை ஆட்டோவிலேயே விடலாம். அங்கே இடம் தாராளம். அப்புறம், ரேடார் இயங்கும் சேனல்களிலிருந்து விலகுவதையும் ரூட்டரே பார்த்துக்கொள்ளும்.